329 பேருக்கு 5 ஆண்டு: கனிஷ்கா வழக்கு கைநழுவியது எப்படி?

1985 ஜூன் 23. கனடாவின் வான்கூவரில் முந்தைய நாள் ஏற்றப்பட்ட இரண்டு சூட்கேஸ்கள் உலகத்தின் இரண்டு மூலைகளில் வெடித்தன. முதலாவது டோக்கியோவுக்குப் பக்கத்தில் நரிட்டா விமான நிலையத்தில், பெட்டிகளை ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடத்தில் வெடித்தது. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த 2 தொழிலாளர்கள் இறந்தார்கள், 4 பேர் காயமடைந்தார்கள். 55 நிமிடம் கழித்து இரண்டாவது குண்டு, அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால், 31,000 அடி உயரத்தில், 'எம்பரர் கனிஷ்கா' என்று பெயரிடப்பட்ட ஏர் இந்தியா 182 விமானத்தின் சரக்கறையில் வெடித்தது. உள்ளே இருந்த 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கக் கிளம்பிய குழந்தைகள் மட்டும் 80க்கும் மேல்.

முதல் குண்டுக்காக ஒருவருக்கு 10 ஆண்டு சிறை கிடைத்தது. இரண்டாவது குண்டுக்காக அதே ஆளுக்கு 5 ஆண்டு. அப்புறம், நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்காக அவருக்கே 9 ஆண்டு. 40 ஆண்டு துரத்தலில் தண்டனை பெற்றவர் அந்த ஒருவர்தான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் 2005இல் மற்ற இருவரை விடுதலை செய்த நீதிபதி மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் வழக்கின் வரலாற்றை முதலிலிருந்து படித்தால் அந்தக் கோபம் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. யார் செய்தது என்பது பற்றிப் போலீசுக்கும் உளவுத்துறைக்கும் சில நாட்களிலேயே வலுவான சந்தேகம் இருந்தது. அதை நிரூபிக்கத் தேவையானதில் பாதி கடலுக்கு அடியில் போனது. மீதிப் பாதியை அரசு தன் கையாலேயே அழித்தது.

வான்கூவர் கவுண்டரில் நடந்தது

ஜூன் 22, சனிக்கிழமை காலை. கனடாவின் சி.பி. ஏர் விமான நிறுவனக் கவுண்டரில் நீண்ட வரிசை. 'எம். சிங்' என்ற பெயரில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டோடு ஒருவர் வந்தார். வான்கூவரிலிருந்து டொரண்டோவுக்கு இருக்கை உறுதியாகியிருந்தது. அங்கிருந்து டெல்லிக்குப் போகும் ஏர் இந்தியாவில் அவர் காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தார். ஆனாலும் பெட்டியை நேராக டெல்லிக்கே போட வேண்டும் என்று கேட்டார். அப்படிச் செய்ய முடியாது என்று கவுண்டரில் இருந்த பெண் மறுத்தார். இவர் விடவில்லை. என் அண்ணனைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகரப் பார்த்தார். பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருந்தது. சரி, டொரண்டோவில் ஏர் இந்தியாவிடம் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அந்த ஊழியர் பெட்டியை ஏற்றுக்கொண்டார். பெட்டி போனது, ஆள் ஏறவில்லை. அதே நாளில் 'எல். சிங்' என்ற பெயரில் டோக்கியோ விமானத்துக்கு இன்னொரு பெட்டி போடப்பட்டது. அவரும் ஏறவில்லை.

அந்தக் கவுண்டர் ஊழியரைக் குறை சொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது நியாயமில்லை. ஆள் ஏறாத பெட்டி விமானத்தில் போகக் கூடாது என்ற எளிய விதியை ஒரு கவுண்டரில் நிற்பவர் தனியாகக் காப்பாற்ற முடியாது. அதற்கு ஒரு முறை வேண்டும். பத்து மாதத்துக்கு முன்னால், 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி மீனம்பாக்கத்தில் நடந்ததும் நமக்குத் தெரியும்: பெட்டியைப் போட்டவர் விமானம் ஏறவில்லை, விமான நிலையத்திலேயே அது வெடித்து 30 பேர் வரை இறந்தார்கள். ஆபத்து எந்த வடிவத்தில் வரும் என்பது புதிய செய்தியே அல்ல.

எச்சரிக்கையும் இல்லாமல் இல்லை. 1984 ஜூனில் பொற்கோயிலில் ராணுவ நடவடிக்கை, அக்டோபரில் இந்திரா காந்தி படுகொலை, அதைத் தொடர்ந்து சீக்கியர்கள் மீதான கொலைவெறித் தாக்குதல் என்று ஒரு வருடமாகவே சூழல் கொதித்துக்கொண்டிருந்தது. 1985 ஜூன் 1ஆம் தேதி ஏர் இந்தியா ஒரு டெலக்ஸ் அனுப்பியது: நேரம் வைத்து வெடிக்கும் கருவிகளைப் பெட்டிகளில் மறைத்து விமானங்களைத் தகர்க்க முயலலாம், கவனமாக இருங்கள் என்று. அது கனடா காவல்துறையான ஆர்.சி.எம்.பி.யின் கைக்குப் போனது. உளவு அமைப்பான சி.எஸ்.ஐ.எஸ்.ஸுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

டொரண்டோவில் அன்று எக்ஸ்ரே எந்திரம் பாதியில் பழுதானது. மீதிப் பெட்டிகளைக் கையில் பிடிக்கும் ஒரு மோப்பக் கருவியால் தடவிப் பார்த்து அனுப்பினார்கள். அந்தக் கருவியை நம்ப முடியாது என்பது முன்பே சோதித்துத் தெரிந்துகொண்ட விஷயம். மோப்ப நாய்? டொரண்டோவின் நாய்க் குழு பயிற்சிக்காக ஊரில் இல்லை. விமானம் அடுத்து நின்ற மாண்ட்ரியலில் நாய் வந்து சேர்ந்தபோது விமானம் கிளம்பியிருந்தது.

நிலத்தில் வெடித்தது, கடலில் விழுந்தது

இந்த வழக்கில் மிக முக்கியமான வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். நரிட்டாவில் வெடித்த இடம் நான்கு சுவருக்குள் இருந்தது. ஜப்பானியப் போலீசார் அந்தக் கூடத்தைப் பொறுக்கிப் பொறுக்கிச் சலித்தார்கள். கிடைத்த துணுக்குகளை ஒட்டிப் பார்த்ததில் குண்டு ஒரு சான்யோ ரேடியோ டியூனருக்குள் வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. மாடல் எண் வரை கண்டுபிடித்தார்கள். அந்த மாடல் விற்பனைக்குப் போனது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு. வான்கூவர் தீவில் டங்கன் என்ற சிற்றூரின் உல்வொர்த்ஸ் கடையில் ஜூன் 5ஆம் தேதி அப்படி ஒரு டியூனர் வாங்கியவர் இந்தர்ஜித் சிங் ரியாத். அதே ஊரில் வாகன எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர்.

கனிஷ்காவின் உடைசல்கள் சுமார் 6,700 அடி ஆழத்தில் கிடந்தன. 131 உடல்கள்தான் மீட்கப்பட்டன. கறுப்புப் பெட்டிகளை ஜூலையில் ரோபோ உதவியோடு மேலே கொண்டுவந்தார்கள். விமானத்தின் பெரும்பகுதி இன்றும் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் நீதிபதி கிர்பால் தலைமையிலான விசாரணை 1986இல் அது குண்டுவெடிப்புதான் என்று முடிவு சொன்னது. குண்டின் ஒரு துணுக்கைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன முடிவல்ல அது. மூன்றரை வருடம் கழித்து ஸ்காட்லாந்தின் லாக்கர்பீயில், மறுபடியும் ஆள் இல்லாமல் ஏறிய சூட்கேஸால், 270 பேர் இறந்தபோது விமானம் நிலத்தில் சிதறியது. அங்கே நகக்கண் அளவுள்ள சர்க்யூட் துண்டு ஒன்றுதான் வழக்கின் போக்கையே மாற்றியது. கனிஷ்கா அன்று தாமதமாகக் கிளம்பியது. நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் அந்தக் குண்டும் அநேகமாக, விமானம் அடுத்து இறங்கவிருந்த லண்டனில் வெடித்திருக்கும்.

ரியாத்தை 1985 நவம்பரிலேயே ஒருமுறை கைது செய்தார்கள். கூடவே, சீக்கியருக்குக் காலிஸ்தான் என்ற தனி நாடு கேட்ட பப்பர் கால்சா இயக்கத்தின் தலைவர் தல்விந்தர் சிங் பர்மாரையும். பர்மார் மீதான குற்றச்சாட்டு நிற்கவில்லை. ரியாத்துக்கு வெடிபொருளும் ஆயுதமும் வைத்திருந்ததற்காக 2,000 டாலர் அபராதம். அதைக் கட்டிவிட்டு அவர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்க் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1988இல் அங்கே கைது, 1989இல் கனடாவிடம் ஒப்படைப்பு. 1991இல் நரிட்டா மரணங்களுக்காகத் தண்டனை. குற்றத்தின் பெயர், கொலையாகாத மரணம் விளைவித்தல். டியூனர் துணுக்கு இல்லையென்றால் இந்தத் தண்டனையும் இல்லை.

அழிக்கப்பட்ட நாடாக்கள்

சி.எஸ்.ஐ.எஸ். 1984இல்தான் பிறந்தது. அதற்கு முன் உளவு வேலையையும் ஆர்.சி.எம்.பி.யே பார்த்துவந்தது. கியூபெக்கில் ஒரு கொட்டகைக்குத் தீ வைத்தது வரை அத்துமீறல்கள் வெளியே வந்ததால் உளவைத் தனியாகப் பிரித்தார்கள். புதிய அமைப்புக்குச் சொல்லப்பட்ட பாடம்: நீங்கள் போலீஸ் இல்லை, ஆதாரம் சேகரிப்பது உங்கள் வேலை இல்லை. நல்ல நோக்கத்தில் சொன்னதுதான். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டதால் வந்த வினை பெரியது.

பர்மாரின் தொலைபேசியை 1985 மார்ச்சிலிருந்து ஒட்டுக்கேட்டார்கள். ஜூன் 4ஆம் தேதி அவரைப் பின்தொடர்ந்த உளவாளிகள் படகேறி வான்கூவர் தீவுக்கே போனார்கள். பர்மார், ரியாத், கூட அடையாளம் தெரியாத ஓர் இளைஞர் என்று மூவரும் டங்கன் அருகே காட்டுப் பக்கம் காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். காட்டுக்குள்ளிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். துப்பாக்கியாக இருக்கும் என்று உளவாளிகள் குறித்துக்கொண்டார்கள். கையில் கேமரா இல்லை. பின்னாளில் அதே இடத்தைத் தேடியபோது டெட்டனேட்டர் எச்சங்கள் கிடைத்தன. அந்தச் சத்தத்துக்குப் பிறகு 19 நாள் இருந்தது. அதற்குள் பர்மார் மீதான நேரடிக் கண்காணிப்பும் விலக்கப்பட்டு, ஆட்கள் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஜூன் 20ஆம் தேதி ஓர் உரையாடல். கதையை எழுதிவிட்டானா என்று பர்மார் கேட்கிறார். இல்லை என்கிறார் மறுமுனையில் இருப்பவர். முதலில் அந்த வேலையைச் செய் என்கிறார் பர்மார். கொஞ்ச நேரத்திலேயே விமான டிக்கெட்டுகளுக்குப் பதிவு நடக்கிறது. 'கதை' என்பது டிக்கெட்தான் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஆனால் பர்மார் பேசியது நாடாவில் இல்லை. குறிப்பாக மட்டுமே மிஞ்சியது. இருநூற்றுச் சொச்சம் நாடாக்களில் 156 அழிக்கப்பட்டன. மொழிபெயர்ப்பாளர் கேட்டுக் குறிப்பு எழுதியதும் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது அலுவலக வழக்கம். 329 பேர் இறந்த பிறகும் மாதக் கணக்கில் அந்த வழக்கம் அப்படியே தொடர்ந்தது.

இதில் சதி இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சதியாக இருந்திருந்தால் ஒருவகையில் ஆறுதலாகவே இருந்திருக்கும். யாரையாவது பிடித்துக் கேட்கலாம். விதிப் புத்தகத்தில் உள்ளதை ஒரு குமாஸ்தா ஒழுங்காகச் செய்தார், அவ்வளவுதான்.

பர்மார் 1988இல் கனடாவை விட்டுப் போனார். 1992 அக்டோபரில் பஞ்சாப் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார். சதியின் தலைவர் என்று பிற்பாடு கனடா நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட மனிதர், ஒருநாள்கூடக் கனிஷ்காவுக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை.

ஒரு பத்திரிகை ஆசிரியரின் வாக்குமூலம்

தாரா சிங் ஹேயர் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 'இந்தோ-கனடியன் டைம்ஸ்' என்ற பஞ்சாபிப் பத்திரிகையை நடத்தியவர். காலிஸ்தான் வன்முறையை எதிர்த்து எழுதியதற்காக 1988இல் சுடப்பட்டு, சக்கர நாற்காலிக்குப் போனார். எழுதுவதை நிறுத்தவில்லை. லண்டன் சவுத்ஹாலில் நண்பரின் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தபோது, பின்னாளில் இந்த வழக்கில் கைதான அஜாயிப் சிங் பாக்ரி குண்டு வைத்த விவரத்தைச் சொன்னதைத் தன் காதால் கேட்டதாக 1995இல் போலீசாரிடம் வாக்குமூலம் கொடுத்தார். அந்த நண்பரும் அதே 1995இல் கொல்லப்பட்டிருந்தார். 1998 நவம்பர் 18 அன்று, வீட்டுக் கார் கொட்டகையில் காரிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது ஹேயரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. எனவே அந்த வாக்குமூலம் வழக்கில் சாட்சியமாக நிற்கவில்லை. சாட்சியைக் கொன்றால் சாட்சியமும் சாகும் என்ற கணக்கு இங்கே பலித்தது. இதைப் பார்த்த மற்ற சாட்சிகள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருபதாம் எண் நீதிமன்றம்

2000 அக்டோபரில் தொழிலதிபர் ரிபுதமன் சிங் மாலிக்கும், மர ஆலைத் தொழிலாளியும் மதப் பேச்சாளருமான பாக்ரியும் கைதானார்கள். ரியாத்தின் பெயரும் சேர்ந்தது. நாடு கடத்தியபோது இருந்த நிபந்தனைப்படி, புதிய குற்றச்சாட்டுக்குப் பிரிட்டனின் சம்மதம் வேண்டியிருந்தது. வான்கூவரில் இந்த ஒரு வழக்குக்காகவே குண்டு துளைக்காத கண்ணாடியோடு ஒரு நீதிமன்றக் கூடம் கட்டினார்கள். விசாரணை தொடங்குவதற்குச் சற்று முன், 2003 பிப்ரவரியில் ரியாத்தோடு ஓர் உடன்பாடு. கனிஷ்கா மரணங்களுக்குக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொள்வார். 5 ஆண்டு தண்டனை. ஏற்கெனவே பதினைந்து ஆண்டு உள்ளே இருந்துவிட்டார் என்பது அரசுத் தரப்பின் சமாதானம். சாட்சிக் கூண்டில் அவர் மற்றவர்களைக் காட்டிக்கொடுப்பார் என்பது அவர்களின் நம்பிக்கை.

அவர் காட்டிக்கொடுக்கவில்லை. பாகங்களைச் சேகரித்தேன், எதற்கென்று தெரியாது என்றார். குண்டு தயாரிக்க உதவிய அந்த மூன்றாவது ஆள் தன் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தார், ஆனால் பெயர் தெரியாது என்றார். ஒரு வாரம் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய விருந்தாளியின் பெயர் தெரியாதாம்.

அரசுத் தரப்பின் மற்ற தூண்களும் ஒவ்வொன்றாக ஆடின. மாலிக்குக்கு எதிரான முக்கிய சாட்சி, அவர் தொடர்புடைய பள்ளியில் வேலை பார்த்த ஒரு பெண். பாதுகாப்புக்காக அடையாளத்தை மறைத்துப் புதிய வாழ்க்கைக்கு அனுப்பப்பட்டவர். அவர் சொன்னதை நீதிபதி நம்பவில்லை. பாக்ரிக்கு எதிராக வந்த ஒருவர் பெரும்பணம் வாங்கிய உளவாளி. இன்னொரு பெண், விமான நிலையத்துக்குப் பெட்டிகள் கொண்டுபோகப் பாக்ரி தன்னிடம் கார் கேட்டதாக 1987இல் சி.எஸ்.ஐ.எஸ். அதிகாரியிடம் சொல்லியிருந்தவர், கூண்டில் ஏறியதும் எதுவும் நினைவில்லை என்றார். நினைவில்லாதது போல் நடிக்கிறார் என்றே நீதிபதி கருதினார். அப்படியானால் அவர் 1987இல் சொன்ன பதிவு? அதையும் அந்த அதிகாரி அழித்துவிட்டிருந்தார்.

2005 மார்ச் 16 அன்று நீதிபதி இயன் ஜோசப்சன் தீர்ப்பு வாசித்தார். 115 சாட்சிகள், சுமார் 13 கோடி கனடிய டாலர் செலவு. குண்டுகள் இரண்டும் வான்கூவரில் ஏற்றப்பட்டவை, ஒரே சதியின் பகுதிகள் என்பதை அவர் ஏற்றார். ஆனால் இந்த இருவருக்கும் அதில் பங்கிருந்தது என்பது நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றார். சி.எஸ்.ஐ.எஸ். நாடாக்களை அழித்ததை ஏற்க முடியாத அலட்சியம் என்று குறிப்பிட்டார். கூடத்தில் இருந்த குடும்பத்தினர் கதறினார்கள். இருபது வருடம் காத்திருந்தவர்களுக்கு மேல்முறையீடும் இல்லை. அரசுத் தரப்பு போவதில்லை என்று முடிவெடுத்தது.

அந்தச் சாட்சியங்களை வைத்து வேறு தீர்ப்பு சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உணர்ச்சிவசப்பட்டு இருவரையும் உள்ளே தள்ளியிருந்தால் மேல்முறையீட்டில் ஆறு மாதம்கூட நின்றிருக்காது.

குடும்பங்கள் விடவில்லை

இறந்தவர்களில் 268 பேர் கனடா குடிமக்கள். ஆனால் 1985இல் கனடா பிரதமர் பிரையன் மல்ரோனி இரங்கல் சொல்லப் போன் போட்டது ராஜீவ் காந்திக்கு. தன் நாட்டவர் செத்ததற்கு அடுத்த நாட்டுப் பிரதமரிடம் துக்கம் விசாரித்த இந்தச் சம்பவத்தைக் குடும்பத்தினர் இன்றுவரை மறக்கவில்லை. விமானக் குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்ததோடு, இது எங்கள் நாட்டின் துயரமும்தான் என்று சொந்த அரசிடமே வாதாட வேண்டியிருந்தது. பொது விசாரணை கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். தீர்ப்பின் அதிர்ச்சிக்குப் பிறகுதான் அந்தக் கோரிக்கைக்கு உயிர் வந்தது. பொது விசாரணை தேவையா என்று ஆராய அரசு நியமித்த பாப் ரேயின் அறிக்கை 2005 கடைசியில் வந்தது, 2006இல் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் ஆணையம் அமைந்தது.

2010 ஜூனில் வந்த மேஜர் அறிக்கை ஐந்து தொகுதிகள். தவறுக்கு மேல் தவறாக அடுக்கிக்கொண்டே போனதைப் பெயர் சொல்லி எழுதியது. இரண்டு அமைப்புகளும் தகவலைப் பகிர்ந்துகொள்ளாமல் ஒன்றையொன்று போட்டியாளராகப் பார்த்ததையும், குடும்பங்களை அரசு எதிராளிகளைப் போல நடத்தியதையும் மறைக்காமல் சொன்னது. அந்த மாதம் 23ஆம் தேதி, 25ஆம் ஆண்டு நினைவுநாளில், பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் டொரண்டோவில் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ரியாத்தின் பொய்களுக்கான வழக்கும் அதே 2010இல் முடிந்தது. 2003இல் 19 இடங்களில் பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. 2011 ஜனவரியில் 9 ஆண்டு தண்டனை விதித்தார்கள். பொய்சாட்சிக்காகக் கனடாவில் அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. 2016இல் சிறையிலிருந்து இடைநிலை விடுதிக்கு வந்தார், 2017இல் வீட்டுக்குப் போனார். உண்மையைச் சொன்னால் என்ன கிடைத்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டாரோ என்னவோ, பெயர்களை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

மாலிக் 2022 ஜூலை 14 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரே நகரில், தன் அலுவலகத்துக்கு வெளியே காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு இளைஞர்கள் 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களை ஏவியது யார் என்பது வெளிவரவில்லை. குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட ஒருவரின் கொலையை நீதி என்று சொல்லிக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்குத் தெரிந்தது ஏதாவது இருந்திருந்தால் அதுவும் அந்தக் காரோடு போய்விட்டது.

ஆர்.சி.எம்.பி. இந்தக் கோப்பை இன்னும் மூடவில்லை. 1985 ஜூன் 4ஆம் தேதி காட்டுக்குள் போன மூன்றாவது ஆளை ஆவணங்களில் 'மிஸ்டர் எக்ஸ்' என்றே குறிப்பிட்டுவந்தார்கள். 40ஆம் ஆண்டு நினைவுநாளை ஒட்டி, 2025இல், அவர் யார் என்று தெரிந்துவிட்டது என்று போலீஸ் அறிவித்தது. எந்தக் குற்றச்சாட்டையும் சந்திக்காமல் அவர் இறந்துவிட்டாராம். பெயரை வெளியிடத் தனியுரிமைச் சட்டம் இடம் கொடுக்கவில்லையாம்.